நாடி முரசு

தாழைநாட்டில் யாரும் கடிகாரத்தைப் பார்த்து வேலைக்குப் போவதில்லை. காலை, மதியம், மாலை என்று மூன்று வேளையும் அரண்மனை முரசு ஒலிக்கும். அதைக் கேட்டு உலை வைப்பார்கள், கடை திறப்பார்கள், பள்ளிக்கூடம் விடுவார்கள். ஆனால் முரசு அடிப்பது நேரம் சொல்ல அல்ல. அரசியின் நாடி எப்படித் துடிக்கிறதோ அதை அப்படியே ஒரு நிமிடம் ஊருக்கு அடித்துக் காட்டும். பதினோரு வருடமாக அந்தக் கணக்கு எழுபத்திரண்டு. ஒன்று கூடியதில்லை, ஒன்று குறைந்ததில்லை. எண்ணி முடித்ததும் ஊர் நிம்மதியாகத் தன் வேலையைப் பார்க்கும். அந்த எழுபத்திரண்டுக்குப் பின்னால் ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள் என்பது முக்கால்வாசிப் பேருக்கு நினைவிலேயே இருக்காது.

ஓதைக்கு நினைவிருந்தது. அவள் அரசியின் தங்கை. இருபத்தாறு வயது. இளவரசி என்று பெயர்தான், செய்வது பதினாலாம் மதகில் கைச்சக்கரத்துக்கு கிரீஸ் போடுகிற வேலை. அரண்மனைக்காரர்களுக்கு அதில் பெரிய தலைக்குனிவு. மதகு மேஸ்திரி சூசையம்மாளுக்கோ இந்தப் பெண்ணுக்கு ஸ்பானர் பிடிக்க வருகிறது, அது போதும்.

அன்று மதியம் முரசு ஒலித்தபோது ஓதை சக்கரத்தின் அடியில் மல்லாந்து கிடந்தாள். வேலையை நிறுத்திவிட்டு எண்ணினாள். எழுபத்திரண்டு இருந்தது. ஆனால் ஐம்பதாவது அடிக்கும் அடுத்ததுக்கும் நடுவே ஒரு சின்னத் தயக்கம். ஊரில் வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது. ஓதை சக்கரத்தின் அடியிலிருந்து வெளியே வந்து அரண்மனைப் பக்கம் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் அரண்மனை ஜீப் வந்து மதகடியில் நின்று அவளை ஏற்றிப் போனது.

அரண்மனை டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. நாடியை எழுபத்திரண்டில் நிறுத்திவைக்க அரசி எழினி தினமும் மூன்று வேளை விழுங்குகிற மாத்திரைதான் அவள் இதயத்தைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். கையில் இருக்கும் நாடிக்காப்பைக் கழற்றி, மாத்திரையை நிறுத்தினால் பிழைக்க வழி இருக்கிறது. இல்லையென்றால் மூன்று மாதம் தாங்கினாலே பெரிது.

அடுத்துப் பேசியவர் பேரவைத் தலைவர் சாத்தையன். பட்டு அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு, ஊருக்கே தெரிந்த கதையை ஓதைக்கு முதலிலிருந்து சொன்னார். எழுபது வருடத்துக்கு முன் கடல் ஏறி வந்தபோது அரசாங்கம் கைகழுவிவிட்டுப் போன நிலம் இது. போகாமல் நின்றவர் ஒரு பாசன எஞ்சினியர், ஓதையின் கொள்ளுத்தாத்தா. ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார், இருபத்துநாலு மதகு வைத்தார், கடல் ஓதம் ஏறும்போது கதவுகளை இறக்கவும் வற்றும்போது தூக்கவும் ஒரு யந்திரம் செய்தார். ஊர் அவரை ராஜா என்றது. அவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சொல்லாததோடு நிற்கவும் இல்லை. யந்திரத்துக்கு ஒரு பூட்டுப் போட்டார். அவருடைய ரத்தத்தில் வந்த யாராவது ஒருவர் காப்பை அணிந்திருக்கவேண்டும். அந்தக் கையின் துடிப்பு நின்று, நூறு எண்ணுவதற்குள் இன்னொரு வாரிசின் துடிப்பு வரவில்லையென்றால், யந்திரம் இருபத்துநாலு கதவையும் ஒரேயடியாகத் தூக்கிவிடும். கடல் உள்ளே வரும். இந்தக் குடும்பத்தை எவனும் கீழே இறக்கமுடியாது என்பது அவர் போட்ட கணக்கு. குடும்பத்தில் எவராலும் தாமாக இறங்கவும் முடியாது என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. பெரிய மூளைக்காரர்களுக்கு இப்படிச் சின்ன விஷயங்கள் விட்டுப்போவது வழக்கம்தான்.

வியாழக்கிழமை காலை, ஓதம் உச்சிக்கு வரும் நேரத்தில் காப்பு ஓதையின் கைக்கு மாறும் என்று சாத்தையன் முடித்தார். ஓதம் உச்சியில் இருக்கும்போதுதான் மாற்றவேண்டும் என்பதும் கொள்ளுத்தாத்தா எழுதிய சட்டம். பயம் இருந்தால்தான் மரியாதை இருக்கும் என்று நினைத்திருப்பார்.

ஓதை மாடியேறிப் போனபோது எழினி பிரம்பு நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முப்பத்து மூன்று வயதுக்காரி மாதிரி இல்லை. உதட்டில் நீலம் பாரித்திருந்தது. அரண்மனையிலிருந்து அறுநூறு அடி தள்ளிப் போனால் யந்திரத்துக்குத் துடிப்பு எட்டாது. அதனால் பதினோரு வருடமாக இந்த மாடி, கீழே மண்டபம், பின்கட்டுத் தோட்டம், இவ்வளவுதான் அவள் ராஜ்யம். நாடி தொண்ணூறைத் தாண்டினால் கதவுகள் ஆட்டம் கொடுக்கும் என்பதால் ஓடக்கூடாது, உரக்கச் சிரிக்கக்கூடாது, கல்யாணம் கூடாது, குழந்தை கூடாது. அம்மா காப்பு போட்டது இரண்டு பெண்களும் பிறந்தபிறகு. அம்மா இறந்த அன்றே அது எழினியின் கைக்கு வந்தது. அம்மாவுக்காக அவள் இன்றுவரை அழவில்லை. அழ அனுமதி இல்லை.

"கையெல்லாம் ஒரே கருப்பு. சோப்புப் போட்டுக் கழுவிட்டு வரக்கூடாதா?" என்றாள் எழினி.

"நீ சாகப்போறியாம். இப்ப சோப்பு ஒண்ணுதான் குறைச்சல்."

"கத்தாதேடி. கடல் கேக்குது."

அந்த ஒரு வாக்கியம்தான் இருவருக்கும் நடுவில் பதினோரு வருடமாக நின்றது. அதற்கு முன்னால் அவர்கள் சண்டை போடாத நாள் கிடையாது. சீப்புக்குச் சண்டை, தலையணைக்குச் சண்டை, அப்பளத்தில் பெரியது யாருக்கு என்று சண்டை. கடைசிச் சண்டை பச்சைத் தாவணிக்கு. அக்கரையிலிருந்து வந்த படகில் எழினி ஆசை ஆசையாக வாங்கிய தாவணியை, பதினைந்து வயது ஓதை கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு மதகுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அதில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு ஓட்டை. எலி கடித்துவிட்டது என்று அம்மா தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். எழினி விடுவதாக இல்லை. சண்டை பாதியில் இருக்கும்போதே அம்மா படுத்துவிட்டாள், காப்பு வந்துவிட்டது. மீதிச் சண்டை அப்படியே நின்றுபோனது. அன்றிலிருந்து ஓதை எவ்வளவு சீண்டினாலும் அக்காளிடமிருந்து வருவது ஒரு புன்னகையும் "கடல் கேக்குது"வும்தான். மூன்றாம் மனுஷியிடம் பேசுகிற மாதிரி இருக்கும். ஓதைக்கு அந்தப் புன்னகையைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும்.

அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, தான் நான்கு வருடமாக யோசித்துவைத்திருந்ததைச் சொன்னாள்.

"யந்திரப் பெட்டியைத் தொடவே முடியாதுன்னு எல்லாரும் சொல்றாங்க. ஒரு கம்பியைத் தொட்டாலும் அரசி செத்துட்டான்னு அது நெனைச்சுக்கும், கதவைத் தூக்கிடும். வாஸ்தவம்தான். ஆனா அது ஏற்கெனவே அப்படி நெனைச்சுட்டா? அதுக்கப்புறம் எத்தனை கம்பியை வெட்டினா அதுக்கு என்ன? ஒரே ஒரு தடவை அதை அப்படி நெனைக்க விடணும்க்கா. அந்த நேரத்துல இருபத்துநாலு மதகுலயும் கைச்சக்கரத்தைப் பூட்டி, பூட்டு நழுவாம ஆளுங்க அமுக்கிப் புடிச்சுக்கணும். மோட்டார் எவ்வளவு இழுத்தாலும் கதவு ஏறாது. நான் கீழ போயி இருபத்துநாலு கம்பியையும் வெட்டிட்டு சாதாரண சுவிட்ச் போட்டுருவேன். நாலு மணி நேரம் போதும். அதுக்குள்ள ஓதமும் வத்திடும்."

"ஒரு மதகுல ஆள் நிக்கலேன்னா?"

ஓதை கையிலிருந்த கிரீஸைச் சட்டையில் துடைத்தாள்.

"நாப்பதாயிரம் பேரு, ஓதை."

"அதையே சொல்லிச் சொல்லித்தான் அம்மாவைக் கொன்னாங்க. இப்ப நீ. அப்புறம் நான். எனக்கப்புறம் யாரு தெரியுமா? சித்தி மக. ஒம்பது வயசு. அதுக்கும் மாத்திரை குடுப்பாங்க. நீ சரின்னு சொல்லுவியா?"

எழினி கடலை விட்டு அவள் பக்கம் திரும்பினாள். "ஒரு மதகுக்கு எத்தனை பேரு வேணும்?" என்று கேட்டாள்.

"நாலு பேரு."

"ம்." அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டாள். "இது நடக்காதுடி. நான் ஒத்துக்க மாட்டேன். வியாழக்கிழமை வந்து கையை நீட்டு. அக்கா சொல்லலை, அரசி சொல்றேன்."

ஓதை கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள். சாத்தின சத்தத்தில் அக்காளின் நாடி ஏறியிருக்குமோ என்று படியில் நின்று பயந்ததுதான் அவளுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. இந்த வீட்டில் கதவை அறைந்து சாத்தக்கூட உரிமை இல்லை.

சொன்னால் கேட்கிற பெண்ணாக இருந்தால் அவள் மதகுப் பக்கமே போயிருக்க மாட்டாள். மிச்சமிருந்த ஆறு நாளில் மதில் மேல் சைக்கிளை மிதித்துக்கொண்டு இருபத்துநாலு மதகுக்கும் போனாள். பதினாலாம் மதகில் சூசையம்மாள் கதையைப் பாதி கேட்டதுமே சரி என்றாள். அவளுடைய செல்வாக்கில் இன்னும் எட்டு மதகு வந்தது. மற்றவர்கள் கையைப் பிசைந்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது, அதுகள் மதிலுக்கு உள்ளேதானே தூங்குகின்றன என்றார்கள். பன்னிரண்டாம் மதகு மேஸ்திரி, அரண்மனைச் சண்டையை அரண்மனைக்குள்ளேயே வைத்துக்கொள்ளும்படி முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டார். ஒன்பது மதகைப் பிடித்துக்கொண்டு பதினைந்தை விட்டால், பதினைந்து வழியாகக் கடல் வரும்.

இன்னும் ஒரே ஒரு வழி பாக்கி இருந்தது. முரசின் அடி தொண்ணூறைத் தாண்டினால் அதற்கு ஓட்ட முரசு என்று பெயர். அது கேட்டால் மதகு ஆட்கள் எங்கே இருந்தாலும், சாப்பாட்டுத் தட்டின் முன்னால் இருந்தாலும், எழுந்து ஓடித் தங்கள் மதகின் கைச்சக்கரத்தைப் பூட்டி அமுக்கிக்கொள்ளவேண்டும். ஏன் என்று கேட்கக்கூடாது, முரசு மறுபடி எழுபத்திரண்டுக்கு இறங்கும்வரை விடக்கூடாது. கொள்ளுத்தாத்தா எழுதிய சட்டங்களில் உருப்படியானது அது ஒன்றுதான். கடைசியாக அது ஒலித்தது அம்மா உயிருக்குப் போராடிய அன்று.

ஓதை முரசு மண்டபத்துக்குப் போனாள். அங்கே ஒரு சிவப்பு விளக்கு அரசியின் ஒவ்வொரு துடிப்புக்கும் மினுக்கும். மூன்று வேளையும் அதைப் பார்த்து அடிப்பவர் அய்யாறப்பன். வியாழக்கிழமை தொண்ணூற்றைந்து அடித்துவிடுங்கள் என்று கேட்டாள்.

அவர் கோபப்படவில்லை. "வெளக்கு மினுங்கினா அடிப்பேன் தாயி. மினுங்காம ஒரு அடி அடிச்சதில்ல. ஊரு அந்த நம்பிக்கையிலதான் ஓடுது. நான் பொய்யா ஒருதரம் அடிச்சுட்டா, அப்புறம் நெசமா அடிக்கிறப்ப எவன் ஓடுவான்?"

அவர் சொன்னது நியாயம். நியாயமாகப் பேசுகிறவர்களிடம் மாட்டிக்கொள்வதைவிடப் பெரிய தொல்லை வேறில்லை.

வியாழக்கிழமை காலை அரண்மனை முற்றத்தில் ஊர் கூடிவிட்டது. மதகு ஆட்களில் பாதிப் பேர் வேலைச் சட்டையோடு வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். மண்டபத்துக் கதவுகளைத் திறந்தே வைத்திருந்தார்கள். உள்ளே எழினி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் சுவரில் இருபத்துநாலு விளக்குகள் கொண்ட பலகை. ஒரு மதகின் கைச்சக்கரத்தைப் பூட்டினால் அதற்குரிய விளக்கு எரியும். அப்போது எல்லாம் அணைந்திருந்தன. காப்பு மாற்றும் நாளில் மட்டும் முரசு நிற்காமல் ஒலிக்கும், காப்பு கழலும்வரை.

ஓதை பட்டு கட்டிக்கொள்ளவில்லை. கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டையோடு வந்தாள். சாத்தையன் முகம் சுளித்தபோது, யந்திரத்துக்கு ரத்தம்தானே வேண்டும், துணி எதுவானால் என்ன என்று கேட்டாள். டாக்டர் நீட்டிய முதல் மாத்திரையை வாங்கி ஜன்னல் வழியாக வீசினாள். ஆனால் கையை நீட்டத்தான் வந்திருந்தாள். ஒன்பது மதகை வைத்துக்கொண்டு நாற்பதாயிரம் பேரைச் சாகடிக்க அவளுக்கு மனசில்லை. இன்று காப்பைப் போட்டுக்கொள்வது, நாளையே பன்னிரண்டாம் மதகு மேஸ்திரியை அரண்மனைக்கு வரவழைத்து மறுபடியும் ஆரம்பிப்பது, இருபத்துநாலும் சேரும்வரை விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தாள். அக்கா பிழைத்துக்கொள்வாள். அதுவே இப்போதைக்குப் போதும்.

முரசு எழுபத்திரண்டில் போய்க்கொண்டிருந்தது. சாத்தையன் பழைய சட்டத்தை நீட்டி முழக்கிப் படிக்க ஆரம்பித்தார். அவர் இரண்டாம் பக்கத்தைத் திருப்பும்போது ஓதைக்கு என்னவோ இடறியது. அடிகள் கொஞ்சம் நெருக்கமாக விழுவதுபோல் இருந்தது. எழுபத்தெட்டு இருக்கும். அக்காளைப் பார்த்தாள். எழினியின் முகத்தில் சலனமில்லை. கழுத்து நரம்பு மட்டும் தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. எண்பத்தைந்தில் முற்றத்தில் பேச்சு அடங்கியது. சாத்தையன் படிப்பதை நிறுத்தினார்.

தொண்ணூற்று நாலு.

முற்றத்தில் யாரோ ஓட ஆரம்பித்தார்கள். அடுத்த நொடி வேலைச் சட்டை போட்ட அத்தனை பேரும் ஓடினார்கள். சைக்கிள்கள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்தன. பன்னிரண்டாம் மதகு மேஸ்திரி செருப்பை விட்டுவிட்டு ஓடியதை ஓதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். சாத்தையன் முரசு மண்டபத்துக்கு ஆள் அனுப்பினார். போனவன் திரும்பி வந்து, விளக்கு மினுங்குகிறது, அதனால் நிறுத்தமுடியாது என்று அய்யாறப்பன் சொன்னதைச் சொன்னான். டாக்டர் மாத்திரையும் தண்ணீருமாக ஓடிவந்தார். எழினி வாயை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"சாப்பிட மாட்டேங்கிறாங்க. மூணு நாளாவே சாப்பிடலை போலிருக்கு," என்றார் டாக்டர். "இப்படியே போனா இதயம் நின்னுடும்."

ஓதைக்கு அதற்கு மேல் எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. மதகு, பெட்டி, கம்பி எல்லாம் மறந்துபோயின. நாற்காலியின் முன்னால் மண்டியிட்டுக் கையை நீட்டினாள்.

"கழட்டுக்கா. என் கையில போடு. சீக்கிரம் போடு. நான் எதுவும் பேச மாட்டேன். மாத்திரை சாப்பிடறேன், நீ என்ன சொன்னாலும் கேக்கறேன், கழட்டு."

எழினி காப்பின் கொக்கியை இன்னொரு கையால் அழுத்தி மூடிக்கொண்டாள். நெற்றியெல்லாம் வியர்வை. தலையை மெல்ல அசைத்து, மாட்டேன் என்றாள். அவளுக்குப் பேச மூச்சு இல்லை. கண்ணை மட்டும் உயர்த்தித் தன் தலைக்குப் பின்னால் இருந்த சுவரைக் காட்டினாள்.

பலகையில் ஏழு விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. ஓதை பார்த்துக்கொண்டிருக்கும்போதே எட்டாவது எரிந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அய்யாறப்பன் பொய்யாக அடிக்கமாட்டார். அதனால் நிஜமாகவே அடிக்கவைத்திருக்கிறாள் இந்த ராட்சசி, தன் உயிரைப் பிடித்து உலுக்கி. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று அரசி சொன்னாள். அக்கா அப்படிச் சொல்லவே இல்லை.

அரைமணி நேரம் முரசு தொண்ணூறுக்கும் நூறுக்கும் நடுவில் ஓடியது. ஓதை அக்காளின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விளக்குகளை எண்ணினாள். பதினைந்து. பத்தொன்பது. இரண்டு தடவை எழினியின் கண் செருகியது. இரண்டு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். இருபத்து மூன்று எரிந்தபின் வெகுநேரம் ஒன்றும் எரியவில்லை. பன்னிரண்டாம் மதகுதான் பாக்கி. செருப்பில்லாமல் ஓடிய மனுஷன், கல்லும் முள்ளுமான மதில். கடைசியில் அதுவும் எரிந்தது.

எழினி கொக்கியைத் திறந்தாள். பதினோரு வருடத்துக்குப் பிறகு காப்பு அவள் கையை விட்டு இறங்கியது. முரசு நின்றது.

காப்பு கழன்றதும் சபையோர் ஒரே குரலில் நூறுவரை எண்ணுவது வழக்கம். வழக்கம் என்பதாலேயே அவர்களும் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. புது அரசியின் கையில் காப்பு ஏறுவதற்கு இதுவரை இருபதுக்கு மேல் ஆனதில்லை. இருபது தாண்டியது. எழினி காப்பை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். ஓதை எழுந்து இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"கையை நீட்டுங்கம்மா," என்றார் சாத்தையன்.

"மாட்டேன்."

"ஊரே முழுகிடும்."

"ஊருதான் அங்க நிக்குதே, பலகையைப் பாருங்க. இத்தனை வருஷமா எங்க வீட்டுப் பொம்பளைங்க புடிச்சுக்கிட்டிருந்தோம். இன்னிக்கு ஒரு நாள் அவங்க புடிக்கட்டும்."

அறுபது தாண்டியபோது சாத்தையன் காப்பைப் பிடுங்கப் பாய்ந்தார். எழினி அதைத் தூக்கி ஜன்னலுக்கு வெளியே எறிந்தாள். தங்கை மாத்திரையை வீசிய அதே ஜன்னல். சபையில் பாதிப் பேர் எண்ணுவதை விட்டுவிட்டுத் தூண்களைக் கட்டிக்கொண்டார்கள். மிச்சப் பேர் எண்ணிக்கொண்டே இருந்தார்கள். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றொன்பது, நூறு.

கீழ் அறையில் யந்திரம் உறுமியது. ஊரைச் சுற்றி இருபத்துநாலு மோட்டார்கள் கதவுகளை இழுக்கும் அதிர்வு மண்டபத்தின் தரையில் தெரிந்தது. பலகையில் விளக்குகள் நடுங்கின. ஒன்றுகூட அணையவில்லை.

ஓதை ஸ்பானரையும் வெட்டுக்குறடையும் எடுத்துக்கொண்டு படியில் இறங்கி ஓடினாள். எழுபது வருடமாக யாரும் திறக்காத பெட்டியின் மூடி துருப்பிடித்துப்போயிருந்தது. அதை நெம்புவதற்கே ஒரு மணி நேரம் ஆனது. உள்ளே இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, வெட்டி, மாற்றிக் கட்டினாள். ஒவ்வொரு கம்பி வெட்டுப்படும்போதும் எங்கோ ஒரு மோட்டார் அடங்கியது, எங்கோ நாலு பேர் கையை உதறிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பன்னிரண்டாம் மதகின் கம்பியை முதலில் வெட்டினாள். வெறுங்காலோடு நிற்கிறவருக்கு அந்தச் சலுகையாவது கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. இருபத்துநாலாவது அடங்கியபோது ஓதம் வற்ற ஆரம்பித்திருந்தது. தாழைநாட்டில் ஒரு வாசல்கூட நனையவில்லை.

சாத்தையன் படியின் மேலிருந்து, அப்படியானால் இனி யார் ராஜா என்று கேட்டார். அதை நாளைக்குப் பேசிக்கொள்ளலாம், இப்போது கையைக் கழுவச் சோப்பு எங்கே இருக்கிறது சொல்லுங்கள் என்றாள் ஓதை.

மாலையில் அவள் பதினாலாம் மதகுக்குப் போனபோது அங்கே அரண்மனை ஜீப் நின்றது. எழினி மதில் மேல் போட்ட கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து, சூசையம்மாள் கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்துக்கொண்டிருந்தாள். டாக்டர் பையை அணைத்துக்கொண்டு சற்றுத் தள்ளி நின்றார். ஆபத்து தீர்ந்ததா என்று ஆறு மாதம் போனால்தான் சொல்லமுடியும், ஆனால் நேற்றுவரை இருந்த மூன்று மாதக் கெடு இனி இல்லை என்றார். எழினியின் கண்கள் வீங்கியிருந்தன. அரண்மனையிலிருந்து வருகிற வழி முழுக்க அழுதுகொண்டே வந்தாளாம். யாருக்காக என்று டாக்டருக்குத் தெரியவில்லை. ஓதைக்குத் தெரிந்தது.

அவள் அக்காளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சூசையம்மாள் அவளுக்கும் ஒரு தம்ளர் காப்பி கொடுத்தாள்.

"எப்படிக்கா ஏத்தினே?" என்று கேட்டாள் ஓதை. "மாத்திரையை விட்டா மட்டும் போதாதே. பதினோரு வருஷமா அடக்கி வச்சது, அவ்வளவு சீக்கிரம் ஏறுமா?"

"ஏறவே இல்லடி. அய்யாறப்பனைக் கேட்டு வச்சிருந்தேன். போன தடவை கடைசி வெளக்கு எரிய முப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சாம். அத்தனை நேரம் தொண்ணூறுக்கு மேல நிக்கணுமேன்னு சாவை நெனைச்சுப் பாத்தேன், ஏறலை. அம்மாவை நெனைச்சேன், அழுகைதான் முட்டுச்சு. அப்புறம்தான் பச்சைத் தாவணி ஞாபகம் வந்துச்சு."

ஓதை காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள்.

"எலியாம் எலி. எலி கடிச்சா ஓட்டை ஓரம் பிசிறா இருக்கும். அது கருகி இருந்துச்சு. சால்டரிங் அயர்ன் வச்சு பொசுக்கிட்டு, அம்மா தலையில அடிச்சு சத்தியம் பண்ணினே. பதினோரு வருஷமா கேக்க முடியாம உள்ளயே வச்சிருந்தேன். இன்னிக்கு அதை எடுத்து வெளிய விட்டேன். எழுபத்திரண்டு எங்க போச்சுன்னே தெரியலை."

"எலிதான் கடிச்சுது," என்றாள் ஓதை.

"என்னது?"

"எலிதான். நான் கண்ணால பாத்தேன்."

எழினி எழுந்து நின்றாள். முகம் சிவந்தது. டாக்டர் பையைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். பொய் சொல்கிற நாக்கை இழுத்துவைத்து அறுக்கவேண்டும் என்று ஆரம்பித்து, சீப்பு, தலையணை, பெரிய அப்பளம் என்று பின்னோக்கிப் போய், பதினோரு வருடத்துப் பாக்கியையும் சேர்த்து அவள் போட்ட சத்தத்தில் பதிமூன்றாம் மதகிலிருந்தும் பதினைந்தாம் மதகிலிருந்தும் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். சூசையம்மாள் பழக்கதோஷத்தில் கைச்சக்கரத்தைப் போய்ப் பிடித்துக்கொண்டாள். சக்கரம் அசையவில்லை. கதவும் அசையவில்லை.

ஓதைக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"மெதுவாக்கா," என்றாள். "கடல் கேக்குது."

"கேக்கட்டும்," என்றாள் எழினி. "எலி இல்லைன்னு அதுக்கும் தெரியட்டும்."